மூத்தவளின் சிபாரிசு

தேவாலயத்துக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கிற அறையில், மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் வாசகர் வட்டம் கூடும். மொத்தம் பதினாலு பேர். சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகள் என்பதால் எல்லோரும் முழங்கால் தாடையில் இடிக்காத குறையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எழுந்து ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வார். பாதிக்கு மேல் கை உயர்ந்தால், அடுத்த மாதம் எல்லோரும் அதைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

பதினோரு வருஷமாக அதை நடத்தி வந்தவள் மருந்துக்கடைக்காரி. குடும்பத்தில் அவளை மூத்தவள் என்பார்கள். அண்ணன் தம்பி என்று இரண்டே ஆண்கள் இருந்த வீட்டில் அண்ணனைக் கட்டியவள். தம்பியைக் கட்டியவள் இளையவள்.

வட்டத்தில் மூத்தவள் வைத்ததுதான் சட்டம். அவள் ஒரு புத்தகத்தை நல்லது என்றால் நல்லது. "ம், சுமார்" என்று உதட்டைப் பிதுக்கினால் அத்தோடு அதன் கதை முடிந்தது. டாக்டர்களின் கோழிக்கிறுக்கலையே ஒரு பார்வையில் படித்துவிடுகிறவளுக்கு அச்சடித்த எழுத்து எம்மாத்திரம் என்று வட்டத்திலிருக்கிற லிப்ட் மெக்கானிக் கிண்டலடிப்பார்.

ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. மூத்தவள் ஒன்பது வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். விசுவாசத்துக்காக வேட்டையாடப்படுகிற ஒரு சபையைப் பற்றிய கதை. அதற்கென்று ஜன்னலோரமாக ஒரு மேசை, ஒரு விளக்கு, மூன்று நீள நோட்டு. நான்காவது அத்தியாயத்தில் வந்து நின்ற வண்டி நகரவே இல்லை. கணவனுக்கு மட்டும் தெரியும். அந்த மனுஷனும் கேட்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது.

அப்படி இருக்கையில்தான் அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. அறையின் மூலையில், படித்து முடித்த புத்தகங்களை ஆளாளுக்கு வைத்துவிட்டுப் போகிற அலமாரி ஒன்று உண்டு. அதில் புத்தம் புதிதாகக் கிடந்தது. 'நன்றித் துறை' என்று தலைப்பு. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சாட்சி' என்று மட்டும் போட்டிருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை.

எடுத்து வந்த மறுநாள் அல்ல, அதற்கும் மறுநாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் சும்மா புரட்டினாள். புரட்டியவள் நிமிரவில்லை. இருமல் மருந்து கேட்டு வந்தவர் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. கொண்டுவந்த சாப்பாடு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது. கடை சாத்துவதற்குள் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, மாத்திரை அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

அழுது முடித்ததும் வயிற்றில் லேசாக ஓர் எரிச்சல். யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, அவள் எழுத நினைத்ததை எழுதியிருந்தார். ஆனாலும் முகம் தெரியாத ஆள் மேல் வருகிற பொறாமை அப்படியொன்றும் கசக்காது. "எழுதினா இப்படி எழுதணும்" என்று சப்புக்கொட்டிவிட்டு, அடுத்த கூட்டத்துச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

கூட்டத்தில் அவள் குறிப்புச் சீட்டுகூட வைத்துக்கொள்ளவில்லை.

"ஒரு நாடு," என்று ஆரம்பித்தாள். "அங்க ஜெபம் பண்ணத் தடையெல்லாம் கிடையாது. இன்னும் சொல்லப்போனா கட்டாயம். சாப்பிட உக்காரும்போது எல்லாரும் நன்றி சொல்லியே ஆகணும். ஆனா யாருக்கு? தலைவருக்கு. சோறு போடறது அவராம். ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் சைஸ்ல ஒரு கருவி. அந்தப் பக்கம் நன்றித் துறைன்னு ஒரு ஆபீஸ். நூத்துக்கணக்கான பொண்ணுங்க காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, மேசை மேசையா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதுல ஒருத்தி பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒருநாள் அவ காதுல ஒரு குரல் விழுது. 'பிதாவே, ஸ்தோத்திரம்.' அவ்வளவுதான். உடனே சிவப்புப் பொத்தானை அமுக்கணும். மூணு நிமிஷத்துல அந்த வீட்டுக்குப் போலீஸ் வண்டி போயிடும். ஆனா அவ விரல் இறங்கமாட்டேங்குது. ஏன்னா அது அவ அம்மா குரல். பத்து வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனதா அரசாங்கம் காகிதம் குடுத்த அம்மா."

கையிலிருந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்கு மேல சொன்னா நான் பாவி. நீங்களே படிங்க. ஓட்டம்னா அப்படி ஓட்டம், மூச்சு வாங்குது. ஆனா ஓட்டம் மட்டும் இல்ல. நான் எத்தனையோ வருஷமா சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ணை மூடிக் கடகடன்னு ஒப்பிக்கிறவ. இதைப் படிச்ச பிறகு அந்த ரெண்டு வரியைச் சொல்லும்போது எனக்கு நாக்கு நடுங்குது."

பதினாலு கையும் உயர்ந்தது. கணக்கு டீச்சர், எதையும் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கமுள்ளவர், அவள் சொன்னதை வரி விடாமல் நோட்டில் குறித்துக்கொண்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெரியவர் மட்டும், "அம்மா குரலா..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவாலயத்துப் பாஸ்டரம்மா அன்றைக்கே பதிப்பகத்துக்கு எழுதி எல்லோருக்கும் பிரதி வரவழைத்தார்.

பத்து நாள் கழித்து, மதியம் மூன்று மணி வாக்கில், இளையவள் கடைக்கு வந்தாள்.

இளையவளுக்குத் தண்ணீர் சப்ளை ஆபீஸின் புகார்ப் பிரிவில் வேலை. "தண்ணி வரலை", "கலங்கலா வருது", "குழாய் உடைஞ்சு தெருவே மிதக்குது" என்று ஊரே போனில் கத்துவதை ஹெட்போனில் வாங்கிப் பதிவு செய்கிற வேலை. கலகலவென்று பேசுவாள், எதையும் மறந்து வைப்பாள். போன தடவை வந்தபோது குடையை விட்டுப் போனாள், அதற்கு முந்தின தடவை வார் அறுந்த செருப்போடு வந்தாள். மூத்தவளுக்கு அவளைப் பிடிக்கும். ஒரு பூனைக்குட்டியைப் பிடிப்பது போல.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

மூத்தவள் அவள் வயிற்றைப் பார்த்தாள். "எத்தனை நாள் தள்ளிப்போச்சு?"

"ஐயோ, அதில்லக்கா." இளையவள் சிரித்து, சிரிப்பை நடுவில் நிறுத்தினாள். "நீங்க சிபாரிசு பண்ணீங்கள்ல, நன்றித் துறை. அது நான் எழுதினது."

மூத்தவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். எதிரே இருந்தவள் கூடச் சேர்ந்து சிரிக்காததைக் கண்டதும்தான் நிறுத்தினாள்.

"அந்த அலமாரியில வச்சதும் நான்தாங்கா. உங்க கண்ணுல படட்டும்னுதான் வச்சேன். நான் எழுதினதுன்னு சொல்லிக் குடுத்தா, தங்கச்சி மாதிரி நினைச்சு நல்லாயிருக்குன்னு சொல்லிடுவீங்க. உங்க வாயிலேருந்து நெஜம் வரணும்னு நினைச்சேன். நீங்க பேசினதை பாஸ்டரம்மா சொன்னாங்க. நான் பாத்ரூம்ல போய் உக்காந்து அழுதேன்."

"எப்ப எழுதின?"

"பஸ்ஸுலதாங்கா. போக நாப்பது நிமிஷம், வர நாப்பது நிமிஷம். போன்லயே தட்டிக்கிட்டுப் போவேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

"பஸ்ஸுலயா?"

"சீட் கிடைச்சா."

மூத்தவளுக்குத் தன் வீட்டு ஜன்னலோர மேசை ஞாபகத்துக்கு வந்தது. அதன் மேல் அவள் வாரம் தவறாமல் தூசி தட்டுவது வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பெண், "அக்கா, கதை எழுதறதுன்னா எப்படி ஆரம்பிக்கணும்?" என்று கேட்டதும், "அதெல்லாம் லேசுப்பட்டதில்லம்மா, முதல்ல நிறையப் படிக்கணும்" என்று தான் முதுகைத் தட்டிக்கொடுத்ததும் வந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. கதையில வர்ற சூப்பர்வைசர் அப்படியே எங்க சூப்பர்வைசர். ஆபீஸ்ல தெரிஞ்சா வம்பு. இன்னும் உங்க கொழுந்தனாருக்கே முழுசாச் சொல்லல. அடுத்த கூட்டத்துக்கு நானும் வரேன். பின்னால உக்காந்து, என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டுப் போயிடறேன்."

"வாயேன்," என்றாள் மூத்தவள். "ரொம்ப சந்தோஷம்." சொல்லும்போது தன் முகம் எப்படியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. இளையவள் போன பிறகு வந்த முதல் வாடிக்கையாளருக்கு ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதில் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கவரில் போட்டுவிட்டாள். கொடுக்கப்போகிற நேரத்தில் கண்ணில் பட்டது. இருபது வருஷத்தில் நடக்காத தப்பு.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாத சாட்சியாக இருந்தவரை வயிற்றில் லேசான எரிச்சல்தான். இப்போது அந்தச் சாட்சி குடையை மறந்துவிட்டுப் போகிறவள், சேலைக்குப் பொருந்தாத செருப்பு போடுகிறவள், ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவள். அது தாங்க முடியவில்லை. எவ்வளவோ தூரத்திலிருக்கிற மலை உயரமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த வீட்டுக்காரன் ஒரு மாடி கூடுதலாகக் கட்டினால்தானே நமக்கு வெயில் மறைக்கிறது!

புத்தகத்தை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை பென்சிலோடு. தப்பு கிடைக்கும் என்று சத்தியமாக நம்பினாள். எழுத்துப் பிழை ஏழு கிடைத்தது. போதவில்லை. ஓர் இடத்தில் கதாநாயகி இடது கையால் கதவைத் திறந்துவிட்டு வலது கையை உதறுகிறாள். அதுவும் போதவில்லை. கடைசியில் ஒன்று சிக்கியது. கதாநாயகியை விசாரணை அறையில் உட்கார வைத்து, கர்த்தரைப் பற்றி, "உனக்கு அவரைத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். தெரியும் என்றால் நாற்பது குடும்பம் பிடிபடும். "தெரியாது" என்று மூன்று முறை சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுகிறாள். ஆசிரியர் அவளைத் தண்டிக்கவில்லை.

மூத்தவள் பாஸ்டரம்மாவைப் பார்க்கப் போனாள்.

"எனக்கு மனசே சரியில்லம்மா. அவசரப்பட்டுச் சிபாரிசு பண்ணிட்டேன். கதாநாயகி கர்த்தரை மறுதலிக்கிறா. அது தப்புன்னு ஒரு வரிகூட இல்ல. பொய் சொன்னாப் பரவாயில்லைன்னு பிள்ளைங்க எடுத்துக்கிட்டா? நாளைக்கு யாராவது நம்மளைக் கேட்டா?"

பாஸ்டரம்மா நல்ல மனுஷி. ஆனால், 'நாளைக்கு யாராவது கேட்டால்' என்ற மூன்று வார்த்தைக்கு ஆடிப்போகிறவர். "நான் இன்னும் அவ்வளவு தூரம் வரலையே," என்று கவலைப்பட்டார். "நீங்களே சொல்றீங்கன்னா யோசிக்கணும்தான்."

அதோடு விட்டாளா? லிப்ட் மெக்கானிக் தலைவலி மாத்திரைக்கு வந்தபோது, "அந்தப் புஸ்தகத்தைப் பாதியிலயே விட்டாலும் ஒண்ணும் குறையாது" என்றாள். கணக்கு டீச்சர் போன் செய்தபோது, "ரெண்டாம் தடவை படிச்சா சாயம் போயிடுது" என்றாள். சொல்லச் சொல்ல ஒரு நிம்மதி. சொல்லி முடித்து போனை வைத்ததும் பழையபடி எரிச்சல். ஊரெல்லாம் அந்தப் புத்தகத்தை வெறுத்தால்கூட, தான் மாத்திரை அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதது இல்லையென்று ஆகிவிடுமா?

கூட்டத்தன்று இளையவள் சொன்னபடி வந்தாள். கதவோரமாக, ஒரு மஞ்சள் நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மூத்தவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளையின் சிரிப்பு.

ஜெபம் முடிந்ததும் பாஸ்டரம்மா தொண்டையைக் கனைத்தார். "இந்த மாசப் புஸ்தகத்தைப் பத்திப் பேச வேண்டாம்னு நினைக்கிறேன். அதுல ஒரு பெரிய தவறு இருக்குன்னு நம்ம சிஸ்டரே வந்து சொன்னாங்க. மறுதலிக்கிறதை நியாயப்படுத்துதாம். வேற புஸ்தகம் பார்ப்போம்."

மூத்தவள் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே அங்கே ஒரு முகம் மாறுவது தெரிந்தது.

"எனக்குப் புரியல," என்றார் வேன் ஓட்டுகிற பெரியவர். கூட்டத்தில் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். "வேதத்துல சேவல் கூவறதுக்குள்ள மூணு தடவை தெரியாதுன்னு சொன்ன சீஷர் ஒருத்தர் இருக்காரே. அவரை யாரும் கிழிச்சு வெளியில போடலையே. அவர்கிட்டதானே கர்த்தர் ஆடுகளைப் பாத்துக்கன்னு ஒப்படைச்சார்?"

பெரியவர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"என் சம்சாரம் போய் நாலு வருஷம் ஆச்சு," என்றார் அவர். "அவதான் சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவா. அவ போன பிறகு நான் பண்ணவே இல்ல. கோபம்னு வச்சுக்குங்க. தெரியாதுன்னு சொல்ற மாதிரிதான் அதுவும். இந்தப் புஸ்தகத்துல அந்தப் பொண்ணு குழாயைத் திறந்துவிட்டு அழற இடத்தைப் படிச்சுட்டு, அன்னைக்குத்தான் நான் மறுபடி தட்டு முன்னாடி கண்ணை மூடினேன். அது தப்பான புஸ்தகம்னா எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

கணக்கு டீச்சர் நோட்டைப் புரட்டினார். "சிஸ்டர், போன மாசம் நீங்க சொன்னதை எழுதி வச்சிருக்கேன். 'நாக்கு நடுங்குது'ன்னு சொல்லியிருக்கீங்க. போன்ல என்கிட்ட 'சாயம் போயிடுது'ன்னீங்க. ரெண்டுல எது சரி? எனக்கு விடை ஒண்ணாத்தான் வரணும்."

மூத்தவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "ரெண்டு தடவை படிக்கும்போது..." என்று ஆரம்பித்தாள். பூசி மெழுக ஆயிரம் வழி இருந்தது. அவளுக்கு எல்லா வழியும் தெரியும். அப்போதுதான் கதவோரம் பார்த்தாள். இளையவள் குனிந்து, கைக்குட்டையின் ஓரத்தைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, "இவங்களுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே செய்யறாங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மடித்துக்கொண்டே இருந்தாள்.

"முதல்ல சொன்னதுதான் நெஜம்," என்றாள் மூத்தவள்.

"அப்புறம் ஏன்..." என்று பாஸ்டரம்மா திகைத்தார்.

"எழுதினது யாருன்னு நடுவுல எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாருன்னு கேக்காதீங்க, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. தெரிஞ்ச நாள்லேருந்து எனக்குப் பொறாமை. வேற ஒண்ணுமில்ல. வெறும் பொறாமை."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. லிப்ட் மெக்கானிக், மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிற ஆள், "பொறாமைன்னா... நீங்களும் எழுதறீங்களா சிஸ்டர்?" என்றார்.

பொறாமை என்று சொல்வதுகூடச் சுலபமாக இருந்தது. இது நெஞ்சில் போய்க் குத்தியது. "எழுதறேன்," என்றாள். "ஒன்பது வருஷமா. வரமாட்டேங்குது." சொன்னதும் காது மடல் வரை சுட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பாஸ்டரம்மா கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ பேசுவோமே," என்றார். இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

வெளியே வந்தபோது இளையவள் வேகமாக நடந்தாள். மூத்தவள் பின்னாலேயே போனாள். பஸ் நிறுத்தம் வரை இரண்டு பேருக்கும் நடுவில் நாலு முழ இடைவெளி.

"எனக்கு உங்களை மன்னிக்கணும்னுதான் இருக்கு," என்றாள் இளையவள், தெருவைப் பார்த்தபடி. "ஆனா இன்னைக்கு முடியல. நீங்க நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தா தாங்கியிருப்பேங்கா. நல்லாயிருக்குன்னு தெரிஞ்சும் சொன்னீங்க பாருங்க."

"தெரியும்."

"அந்த மறுதலிக்கிற இடம். அதை மட்டும் சொல்லுங்க. அது நெஜமாவே தப்பா?"

"இல்ல." மூத்தவள் ஓர் எட்டு கிட்டே வந்தாள். "இருக்கறதுலயே அதுதான் உசத்தியான இடம். அது மாதிரி ஒண்ணை நான் ஒன்பது வருஷமாத் தேடறேன். அதனாலதான் அதைப் புடிச்சேன்."

இளையவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. அண்ணனும் தம்பியும் என்ன ஏது என்று புரியாமல் முழித்தார்கள். வட்டத்தை நடத்துகிற பொறுப்பை மூத்தவள் கணக்கு டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள். 'நன்றித் துறை' கைமாறிக் கைமாறி வேறு சபைகளுக்கும் போயிற்று. வேன் ஓட்டுகிற பெரியவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சிபாரிசு செய்தார். அவர் சொல்கிற விதத்தில் கதை தலைகீழாக வந்தாலும் கேட்டவர்கள் வாங்கிப் படித்தார்கள். அதைக் கேள்விப்படும்போதெல்லாம் மூத்தவளுக்கு எரிந்தது. பொறாமையை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. அதற்கென்று ஒரு பெயர் வைத்துக் கூடவே குடிவைத்தது போல ஆயிற்று, அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் ஒரு மதியம், கடையில் அவள் காலாவதி தேதி பார்த்து மருந்துகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஏதோ வந்து விழுந்தது. இளையவளிடமிருந்து. 'வணக்கம்' இல்லை, 'சாப்பிட்டீங்களா' இல்லை. அடுத்த நாவலின் முதல் அத்தியாயம். கீழே ஒரே வரி: "நெஜத்தை மட்டும் சொல்லுங்க."

நின்றபடியே படித்தாள். முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சொட்டு மருந்துப் புட்டிகளை உயரவாரியாக அடுக்கினாள். மறுபடி எடுத்துக் கடைசி வரை படித்தாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள். எழுத்துப் பிழை இரண்டு. மூன்றாம் பக்கத்தில் அந்தக் கிழவர் அவ்வளவு பேச வேண்டாம், அங்கே இழுக்கிறது. இதுவரை கடகடவென்று வந்தது.

'நல்லா இருக்கு, மேல எழுது' என்று தட்டத்தான் பத்து நிமிஷம் பிடித்தது. அனுப்பிவிட்டு, கவுண்டரில் காத்திருந்த பெண்ணிடம், "மன்னிச்சுக்கம்மா, என்ன வேணும்?" என்றாள்.